சேகரிப்பாளர் கண்ணில் படாத கார்: பொம்மசந்திரா முன்வைக்கும் கேள்வி

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டில் தொடங்கும் அத்தடம் 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் முடிகிறது. அங்கே இறங்குவோர் பெரும்பாலும் தொழிற்பேட்டைத் தொழிலாளர், மருத்துவமனைக்கு வருவோர், அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குப் பேருந்து பிடிப்போர். உலக மோட்டார் வாகன வரலாற்றின் ஒரு பக்கம் இந்தத் தொழிற்பேட்டையில்தான் எழுதப்பட்டது என்பது அவர்களுள் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பக்கத்தின் பெயர் ரேவா. 1994-இல் சேத்தன் மைனி முன்னின்று, மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய முயற்சி, 2001-இல் விற்பனைக்கு வந்த ஒரு சிறு மின்காராக உருப்பெற்றது. இரண்டு கதவுகள், எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் வண்ணம் ஊட்டிய பிளாஸ்டிக் உடல், இருக்கைக்கு அடியில் எட்டு ஈய-அமில பேட்டரிகள். டெஸ்லாவின் முதல் கார் சாலைக்கு வருவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே பொம்மசந்திராவிலிருந்து மின்கார்கள் வாடிக்கையாளரிடம் போய்க்கொண்டிருந்தன. லண்டனில் 'ஜி-விஸ்' என்னும் பெயரில் அது ஆயிரத்துக்கும் மேல் விற்றது. 2003 பிப்ரவரியில் லண்டன் மாநகரம் நெரிசல் கட்டணத்தைக் கொண்டுவந்ததும், அக்கட்டணத்திலிருந்து மின்வண்டிகளுக்கு விலக்கு அளித்ததும் அதற்குக் காரணம். சொந்த ஊரிலோ விற்பனை மந்தமாகவே இருந்தது. 2010-இல் மகிந்திரா நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2016-இல் நிறுவனத்தின் பெயரிலிருந்தும் 'ரேவா' நீங்கியது.

இன்று இந்தியாவின் செல்வந்தர் கார்த் தொகுப்புகளைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளையும் படங்களையும் பார்ப்பவர் ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, மெர்சிடிஸ், பழைய அமெரிக்கப் பியூக், புதிய ஃபெராரி ஆகியவற்றைக் காண்பார். ரேவாவைக் காண்பது அரிது. ஒரு நாட்டின் முதல் தொடர் உற்பத்தி மின்கார்களுள் ஒன்று, அந்நாட்டின் சேகரிப்பாளர்களுக்கு ஏன் சேகரிக்கத் தக்கதாகத் தோன்றவில்லை? செல்வர் சில பெயர்களை நாடிச் சிலவற்றை ஒதுக்குவதன் தருக்கம் என்ன? இக்கேள்வி பொழுதுபோக்கைப் பற்றியது போலத் தோன்றினும், ஒரு சமூகத்தின் பொருள்சார் நினைவு யார் கையில் இருக்கிறது என்பதில் போய் முடிகிறது.

எளிதில் சொல்லப்படும் முதல் விடை: நல்ல கார்கள் சேகரிக்கப்படுகின்றன, மற்றவை ஒதுக்கப்படுகின்றன. இவ்விடை நிற்பதில்லை. உலகில் மிகுந்த நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்ற டொயோட்டாவின் அன்றாடக் கார்களை எவரும் ஏலத்தில் போட்டியிட்டு வாங்குவதில்லை. அதே டொயோட்டா 1967 முதல் 1970 வரை 351 மட்டுமே செய்த 2000ஜிடி என்னும் காருக்கோ சேகரிப்பாளர் வரிசையில் நிற்கின்றனர். 1962–64 காலத்து ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018-இல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. இரண்டே இரண்டு செய்யப்பட்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே ஒன்று 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. இவற்றை வாங்கியவர் எவரும் பயணவசதிக்காக வாங்கவில்லை. ஆக, 'பிராண்டு' என்பதுகூட முழு விளக்கமன்று. ஒரே நிறுவனத்தின் ஒரு மாதிரி தேடப்படுகிறது, மற்றொன்று காயலான் கடைக்குப் போகிறது.

இரண்டாம் விடை: மின்கார் என்பதால்தான் ரேவா ஒதுக்கப்படுகிறது. இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. குரோவேஷியாவின் ரிமாட்ஸ் நிறுவனம் 150 மட்டுமே செய்வதாக அறிவித்த நெவெரா என்னும் அதிவேக மின்கார் எதிர்பார்த்தபடி விற்றுத் தீரவில்லை. பெருஞ்செல்வர் எந்திரத் துடிப்புள்ள வண்டியையே விரும்புகின்றனர் என்று அதன் நிறுவனர் மாட்டே ரிமாட்ஸ் 2024-இல் வெளிப்படையாகவே கூறினார். மின்னணுக் கடிகாரம் துல்லியமாக நேரம் காட்டினாலும், செல்வர் சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கே பெரும்பணம் தருவதோடு அவர் இதனை ஒப்பிட்டார். ஆயினும், 1907 முதல் 1939 வரை செய்யப்பட்ட டெட்ராய்ட் எலெக்ட்ரிக், அதற்கும் முந்திய பேக்கர் எலெக்ட்ரிக் ஆகிய மின்கார்கள் அமெரிக்கத் தொகுப்புகளில் பெருமையோடு நிற்கின்றன. ஜே லீனோவின் புகழ்பெற்ற தொகுப்பில் 1909-ஆம் ஆண்டின் பேக்கர் ஒன்று உண்டு. அக்காலத்து மின்கார்களிலும் ஈய-அமில பேட்டரி பயன்பட்டதுண்டு. ஆகவே மின்சாரம் தடையன்று. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் செய்தி அக்காருக்குத் தந்திருக்கும் மதிப்பை, நகரத்து அலுவலர் ஒருவர் கடைவீதிக்கு ஓட்டிச் சென்ற ரேவாவுக்கு எந்தச் செய்தியும் இன்னும் தரவில்லை என்பதே வேறுபாடு.

மூன்றாம் விடை: அது சிறியது, மலிவானது, கேலிக்கு ஆளானது. பிரித்தானியத் தொலைக்காட்சியின் கார் நிகழ்ச்சிகள் ஜி-விஸ்ஸைக் கேலி செய்தது உண்மை. சட்டப்படி அது அங்கே கார் என்றே வகைப்படுத்தப்படவில்லை, 'குவாட்ரிசைக்கிள்' என்னும் நாற்சக்கர வகையில் சேர்க்கப்பட்டது. விபத்துச் சோதனையின் படங்கள் அதன் பெயரை மேலும் கெடுத்தன. ஆனால் கேலியும் நிரந்தரத் தடையன்று. ஐல் ஆஃப் மேன் தீவில் 1962 முதல் 1965 வரை ஏறத்தாழ 50 மட்டுமே செய்யப்பட்ட பீல் பி50 என்னும் மூன்று சக்கர, ஒற்றை ஆள் வண்டி ரேவாவைவிடப் பன்மடங்கு கேலிக்குரியது. அதில் பின்னோக்கி ஓட்டும் கியர்கூட இல்லை. அப்படிப்பட்ட வண்டி ஒன்று 2016-இல் 1,76,000 டாலருக்கு ஏலம் போனது.

மூன்று விடைகளும் பகுதி உண்மைகளே. மீதத்தைப் புரிந்துகொள்ள மானுடவியலாளர் மைக்கேல் தாம்ப்சன் 1979-இல் வெளியிட்ட 'கழிபொருள் கோட்பாடு' உதவும். பொருள்கள் இரு நிலைகளில் மதிக்கப்படுகின்றன என்கிறார் அவர். ஒன்று, நாள்தோறும் மதிப்பு குறைந்துகொண்டே போகும் நிலை. வாங்கிய மறுநாளே விலை குறையும் கார் அதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று, காலம் ஆக ஆக மதிப்பு கூடும் நிலை. பழம்பொருள், கலைப்பொருள் ஆகியவை அதில் அடங்கும். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு நேர்வழி கிடையாது. இடையில் ஒரு பள்ளம் உண்டு. அதில் பொருளுக்கு மதிப்பே இல்லை, அது குப்பை. அந்தப் பள்ளத்தில் எது அழிகிறது, எது எவருடைய கொட்டகையிலோ தப்பிக் கிடக்கிறது என்பதுதான் பின்னாளில் எது 'அரும்பொருள்' என்பதைத் தீர்மானிக்கிறது. அவ்வாறு தப்பியதை மீட்டெடுத்து 'இது மதிப்புடையது' என்று அறிவிக்கும் ஆற்றல் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை என்பதும் தாம்ப்சனின் வாதத்தில் முக்கியமான கூறு.

இந்தியாவின் ரோல்ஸ் ராய்ஸ் கதை இதற்கு நல்ல சான்று. விடுதலைக்கு முன் நூற்றுக்கணக்கான ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் இந்தியச் சமஸ்தானங்களுக்கு வந்தன. அவற்றின் பெயர் விளம்பரத்தால் மட்டும் நிலைபெறவில்லை. 1908-இல் மும்பைக்கும் கோலாப்பூருக்கும் இடையே மலைப்பாதையில் நடந்த சோதனை ஓட்டத்தில் சில்வர் கோஸ்ட் கார் ஒன்று வென்றதும், அதன் பிறகு குவாலியர் மன்னரிடம் அது சென்று சேர்ந்ததும் இந்திய அரசவைகளில் அப்பெயருக்குக் கிடைத்த நற்சான்றுகள். பிறகு 1947 வந்தது. 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. பெட்ரோலைக் குடிக்கும் அந்தப் பேருருவக் கார்கள் அரண்மனைக் கொட்டகைகளில் துருவேறின, கிடைத்த விலைக்குக் கைமாறின, பல கடல் கடந்தன. அதுதான் அவற்றின் குப்பைக் காலம். அந்தக் காலத்தில் அவற்றை வாங்கிச் சேர்த்து, பின்னர் அகமதாபாத் அருகே அருங்காட்சியகமாக்கிய பிராண்லால் போகிலால் போன்ற தொழிலதிபர்கள் இல்லையேல் இன்று இந்தியாவில் எஞ்சியிருப்பவை மிகக் குறைவாகவே இருந்திருக்கும். இதனை மறுப்பது நேர்மையாகாது. தனியார் செல்வம் பல சமயங்களில் அரசு கைவிட்டதைக் காத்திருக்கிறது.

ஆனால் அச்செல்வம் எதைக் காத்தது என்பதும் கவனிக்கத் தக்கது. மன்னர் வாங்கியதைக் காத்தது. பியர் பூர்தியு 1979-இல் வெளியான தம் நூலில் விளக்கியபடி, இரசனை என்பது பெரும்பாலும் பிறரது இரசனையிலிருந்து விலகி நிற்கும் வழி. தொழிலதிபர் ஒருவர் மன்னரின் காரை வாங்கும்போது உலோகத்தை மட்டும் வாங்குவதில்லை. ஒரு மரபுவரிசையில் தம் பெயரை எழுதிக்கொள்கிறார். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தம்மை அவமதித்ததால் அக்கார்களைக் குப்பை அள்ளப் பயன்படுத்தினார் என்று ஒரு மன்னரைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஆல்வார், பரத்பூர், பாட்டியாலா, ஐதராபாத் எனப் பல சமஸ்தானங்களின் பெயரில் உலவுகிறது. ஒரே கதை இத்தனை மன்னருக்குப் பொருந்துவதே அதன் நம்பகத்தன்மையைக் குறைக்கிறது. ஆயினும் சேகரிப்பாளருக்கு அக்கதை இனிக்கிறது. கதை ஏற்றிய கார் விலை பெறுகிறது.

இன்றைய செல்வர் புதிய கார்களைத் தேர்வதிலும் இதே தருக்கம் இயங்குகிறது. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள, முழுதாய் இறக்குமதியாகும் காருக்கு 2013-இல் அடிப்படைச் சுங்கவரியே நூறு விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் கர்நாடகத்தின் வாழ்நாள் வரி வேறு. வரியே ஒரு வேலியாகிறது. தார்ஸ்டைன் வெப்லன் 1899-இல் விளக்கிய 'காட்சிக்கான செலவு' வேலிக்கு அப்பால் நிற்பவரின் அடையாளமாகிறது. அதே வரியைத் தவிர்க்கப் பிற மாநிலத்தில் பதிவுசெய்த சொகுசுக் கார்களைப் பெங்களூரில் போக்குவரத்துத் துறை அவ்வப்போது பறிமுதல் செய்வதும் நடக்கிறது. இவ்விரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

இனி, சேகரிப்பாளர் ஒரு பெயரை நாடத் தேவையான நிபந்தனைகளைத் தொகுத்துப் பார்க்கலாம். முதலாவது, தன் இறந்தகாலத்தைத் தானே பேணும் நிறுவனம். பழைய காரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் தனிப்பிரிவு ஃபெராரிக்கு உண்டு. பழைய மாதிரிகளுக்கான பாகங்களை மெர்சிடிஸும் போர்ஷேயும் இன்றும் விற்கின்றன. காரின் எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்தினால் விலை கூடுவது இதனால்தான். இரண்டாவது, நிறுவனம் இல்லாவிடினும் வண்டியைச் செப்பனிடத் தெரிந்த கைகள். மூன்றாவது, குப்பைக் காலத்தைக் கடந்துவர இடமும் சட்டமும் தரும் வாய்ப்பு.

முதல் நிபந்தனை இல்லாமலே இரண்டாவதைக் கொண்டு ஒரு பெயர் உயிர்த்தெழ முடியும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் உற்பத்தியைத் தொடங்கி 1996-இல் மூடப்பட்டது. அதன் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் அனாதைகளாயின. ஆனால் அவற்றின் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் தென்னிந்தியாவெங்கும் இருந்தனர். பெங்களூரின் ஜே.சி. ரோட்டிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பாகங்கள் கிடைத்தன. பால்காரரும், வங்கி எழுத்தரும், கல்லூரி மாணவரும் ஓட்டிய வண்டி என்பதால் அதனைப் பற்றிய நினைவு பரவலாக இருந்தது. விளைவு, பெங்களூரில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஆர்வலர் நூற்றுக்கணக்கில் கூடி ஜாவா நாள் கொண்டாடுகின்றனர். அப்பெயர்கள் புதிய நிறுவனத்தின் வழியே சந்தைக்கும் திரும்பிவிட்டன. யெஸ்டியைக் குப்பைக் காலத்திலிருந்து மீட்டவர் பெருஞ்செல்வர் அல்லர். பட்டறைக்காரரும் நடுத்தர வர்க்கத்தாரும்.

ரேவாவுக்கு இம்மூன்று நிபந்தனைகளும் எதிராக நிற்கின்றன. நிறுவனம் கைமாறியது, பெயர் மறைந்தது. செப்பனிடும் அறிவு தெருவோரப் பட்டறைக்கு வந்துசேருமுன்பே உற்பத்தி நின்றது. ஈய-அமில பேட்டரியை எந்தப் பேட்டரிக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மின்னோட்டத்தை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் அதனைத் திறந்து பார்க்கும் கை அரிது. மூன்றாவது நிபந்தனைதான் எல்லாவற்றிலும் கொடியது. ஓடாமல் நிற்கும் ரேவாவில் உடனே பணமாவது அதன் ஈயம். எட்டுப் பேட்டரிகளையும் எடைக்குப் போட்டால் கையில் காசு. எஞ்சிய பிளாஸ்டிக் உடலுக்கு விலையே இல்லை. பெட்ரோல் கார் ஒன்று கொட்டகையில் பாகம் குறையாமல் துருவேறிக் கிடக்கலாம். ஈய-அமில மின்காரோ முதலில் தன் இதயத்தை இழக்கிறது.

சட்டமும் இப்பள்ளத்தை ஆழமாக்குகிறது. இந்தியாவில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு உரியது. அதன்பின் தகுதிச் சோதனையில் தேறிப் புதுப்பித்தாக வேண்டும். 2021-இல் வந்த பழங்கார் விதிகளோ 50 ஆண்டு கடந்த வண்டியைத்தான் 'விண்டேஜ்' என ஏற்கின்றன. அதற்குத் தனி எண் தகடும் 20,000 ரூபாய் பதிவுக் கட்டணமும் உண்டு. 2001-இல் பொம்மசந்திராவிலிருந்து வெளிவந்த கார் 2016-இல் முதல் எல்லையைக் கடந்துவிட்டது. இரண்டாம் எல்லையை அடைய 2051 வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட 35 ஆண்டுகள் சட்டத்தின் பார்வையில் அது வெறும் பழைய வண்டி. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ஓடாத வண்டியை நிழலில் நிறுத்திவைக்கப் பெங்களூரில் எவருக்கு இடம் உண்டு? இடம் உள்ளவர் செல்வர். செல்வரின் கண்ணில் அது படவில்லை. மேலும், வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன விதிகள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றப்பட வேண்டிய மின்காரில் 'அசல்' என்பது எது என்னும் கேள்விக்கு, எஞ்சினை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதியில் தெளிவான விடை இல்லை.

இதற்கு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை இவி1 என்னும் மின்காரை 1,117 எண்ணிக்கையில் செய்து, குத்தகைக்கு மட்டும் விட்டது. பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கி அழித்தது. சில மட்டும் இயக்கம் முடக்கப்பட்ட நிலையில் அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரப்பட்டன. ஸ்மித்சோனியனில் ஒன்று உள்ளது. சேகரிப்பாளர் சந்தை எட்டாத இடத்தில் பொது நிறுவனங்கள் கை நீட்டியதால் அக்காரின் சான்று முற்றாக அழியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். விற்காத காரை ஏன் காக்க வேண்டும். சந்தை மறந்ததை நினைவுகூர்வது வீண் ஏக்கமல்லவா? இம்மறுப்பு சந்தையின் தீர்ப்பையும் வரலாற்றின் தீர்ப்பையும் ஒன்றாக்குகிறது. ஓசூரில் ஏதரும், கிருஷ்ணகிரி மாவட்டப் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்ஸ்கூட்டர் செய்யும் இன்றைய தொழில் வழித்தடத்தின் தொடக்கத்தில் நிற்கும் ஊர் பொம்மசந்திரா. மின்வண்டி ஏன் லண்டனில் விற்று இங்கே விற்கவில்லை, எந்த வரியும் எந்தச் சலுகையும் எதை மாற்றியது, பேட்டரி தொழில்நுட்பம் எங்கே தடுக்கியது என்பவை கொள்கை வகுப்போருக்கு இன்றும் தேவைப்படும் பாடங்கள். வென்ற கார்களை மட்டும் கொண்ட தொகுப்பிலிருந்து இப்பாடங்களைப் படிக்க முடியாது.

ஆழமான காரணம் வேறொன்றும் உண்டு. செல்வரின் இரசனை மட்டுமே பாதுகாப்பின் அளவுகோலாக இருக்கும் நாட்டில், பின்வரும் தலைமுறை தன் மோட்டார் வரலாற்றை இறக்குமதியின் வரலாறாகவே அறியும். மன்னர் எதை வாங்கினார் என்பது தெரியும். தொழிலாளி எதைச் செய்தார் என்பது தெரியாது. பெங்களூரில் சிபானி நிறுவனம் 1980-களில் செய்த, கண்ணாடி இழை உடல்கொண்ட டால்ஃபின் காரை இன்று எத்தனை பொறியியல் மாணவர் அறிவர்? சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த கார்களை எத்தனை பேர் நேரில் கண்டிருக்கின்றனர்? அவற்றில் குறைகள் இருந்தன. அக்குறைகளே உள்நாட்டுப் பொறியியல் கற்றுக்கொண்டவற்றின் ஆவணம்.

மாற்று வழி அறியப்படாததன்று. கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு குடும்பத்தினரின் கார் அருங்காட்சியகம், பெயரின் பகட்டைவிடப் பொறியியல் முக்கியத்துவத்தை முன்னிறுத்துகிறது. பெங்களூரில் 1962 முதல் இயங்கும் விசுவேசுவரையா தொழில்நுட்ப அருங்காட்சியகம் உள்ளது. ஓசூர் சாலையின் இருபுறமும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. ஒரு கல்லூரிப் பட்டறையில் ஒரு ரேவாவை அதன் சேவைக் கையேடு, மின்சுற்று வரைபடம், உரிமையாளரின் பழுதுக் குறிப்புகள் ஆகியவற்றோடு பேணுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. 15-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வயதில் கல்வி நோக்கத்துக்காக வைத்திருக்கும் வண்டிக்கெனத் தனிப் பதிவு வகை ஒன்றை விதியில் சேர்ப்பது அதைவிட எளிது. எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, அந்தக் கார்களைப் பூட்டிய தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்வது. தொடக்க ஆண்டுகளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோர் இப்போது பணி ஓய்வை நெருங்கும் வயதினர். தொழில் வரலாற்றிலும் பொருள்சார் பண்பாட்டிலும் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவருக்கு மஞ்சள் தடத்தின் கடைசி நிலையத்தில் ஒரு களம் காத்திருக்கிறது.

சேகரிப்பாளர் தமக்கு விருப்பமானதைச் சேகரிப்பர். அது அவர் உரிமை. 2051-இல் ஏதோ ஒரு ஏல மாளிகையில் ரேவா ஒன்று பீல் பி50 போலப் பெருவிலைக்குப் போகவும் கூடும். அன்று அதனை வாங்க ஆள் இருப்பர். வாங்குவதற்கு ஒரு கார் எஞ்சியிருக்குமா என்பதை இன்றைய காயலான் கடைத் தராசும், கல்வி நிறுவனங்களின் அக்கறையுமே தீர்மானிக்கும்.